சிவப்புக் கோடிட்ட மாத்திரைகள்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. காய்ச்சல் கண்ட குழந்தையுடன் அவ்வழியே ஒருமுறை சென்று வந்தவர்கள், எஞ்சிய மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கென எடுத்துவைப்பது இயல்பே. அச்சிக்கனத்தை நாங்கள் இகழவில்லை. ஆயினும், அட்டையின் இடப்புறம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருப்பின், அம்மருந்தை மருத்துவர் சீட்டின்றி உட்கொள்ளலாகாது. ஆன்டிபயாடிக் மருந்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவை பாக்டீரியாவை மட்டுமே அழிக்கும். சளியையும் ஃபுளூ காய்ச்சலையும் உண்டாக்கும் வைரஸை அழிக்கமாட்டா. சளிக்காக இவற்றை விழுங்கினால் சளி தன் போக்கிலேயே தீரும். ஆனால், குடலில் வாழும் பாக்டீரியாக்களுள் மருந்துக்கு மடிபவை மடிய, தாக்குப்பிடிப்பவை பெருகும். பின்னர் உண்மையாகவே நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வரும்போது அதே மாத்திரை பயனற்றுப்போகலாம்.

மருத்துவமனையில் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்றுண்டு: “முதலில் பெரிய ஊசி போட்டீர்கள், மூன்றாம் நாள் சாதாரண மருந்துக்கு மாற்றிவிட்டீர்களே?” கடுமையான தொற்றில் காத்திருக்க இயலாது. ஆகவே, இரத்தம் அல்லது சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, பல கிருமிகளைத் தாக்கவல்ல மருந்தை உடனே தொடங்குகிறோம். இரண்டு மூன்று நாளில் முடிவு வந்ததும், அக்கிருமிக்குப் போதுமான மருந்துக்கு மாற்றுகிறோம். இது சிகிச்சையைக் குறைப்பதன்று. குறி தெரிந்தபின் அம்பை மாற்றுவதே.

வலிய மருந்துகளை ஏன் இவ்வளவு காத்துவைக்க வேண்டும்? முட்டைக்குப் பெயர்பெற்ற நம் நாமக்கல் மாவட்டத்தார் கோலிஸ்டின் என்னும் பெயரைக் கேட்டிருக்கக்கூடும். பிற மருந்துகள் தோற்றபின் இறுதியாகக் கையாளப்படும் அம்மருந்து, நம் நாட்டில் கோழித் தீவனத்திலும் கலக்கப்பட்டு வந்தது. உணவுக்கென வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் அதனைப் பயன்படுத்துவதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடைசெய்தது. அதற்கு முன்னரே, 2014 மார்ச் முதல், முக்கியமான பல ஆன்டிபயாடிக் மருந்துகளை வாங்குவோர் பெயரையும் எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயரையும் மருந்துக்கடைகள் தனிப்பதிவேட்டில் குறித்து, 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

மருந்துக்கு அடங்காத கிருமி ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்குப் பெரும்பாலும் கைகளின் வழியாகவே செல்கிறது. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பினால் கைகழுவுங்கள். அடுத்தவர் படுக்கையில் அமராதீர்கள். செவிலியரோ மருத்துவரோ கைகழுவாமல் நெருங்கினால், தயங்காது நினைவூட்டுங்கள். அதனை நாங்கள் அவமதிப்பாகக் கொள்ளமாட்டோம்.