இளங் குழந்தைகளின் இரத்தச் சோகை

மஞ்சளித்த நெற்பயிரைக் கண்டதும் காரணம் தேடும் கமக்காரர், உதடு வெளிறிச் சோர்ந்திருக்கும் குழந்தையை "மெலிந்த பிள்ளை" என்று விட்டுவிடுகின்றனர். அவ்வெளிறல் பெரும்பாலும் இரத்தச் சோகையின் அடையாளமாகும்.

தாயின் வயிற்றிற் சேமித்த இரும்புச் சத்து, நிறைமாதக் குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதம் வரையே போதும். குறைமாதத்திலோ நிறை குறைந்தோ பிறந்த குழந்தைக்கு அது முன்னரே தீர்ந்துவிடும். அதன்பின் தாய்ப்பாலைத் தொடரவேண்டும். எனினும் அதிலுள்ள இரும்பு மட்டும் போதாது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பும், 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு 11 மில்லிகிராமும் வேண்டுமென அமெரிக்க உணவு நிபுணர் வகுத்துள்ளனர். தீட்டிய அரிசிக் கஞ்சி இதனை ஒருபோதும் ஈடுசெய்யாது.

பயறும் கௌபியும் கீரையும் விளையும் வீட்டிலேயே இக்குறை காணப்படுவது வருந்தத்தக்கது. சந்தைக்குக் கட்டுமுன் குழந்தையின் பங்கை எடுத்து வையுங்கள். 6 மாதம் நிறைந்ததும், அவித்து மசித்த பருப்பு, முள் நீக்கிய மீன், ஈரல் என்பவற்றைச் சோற்றுடன் பிசைந்து ஊட்டலாம். கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. சில துளி தேசிப்புளி அதற்குத் துணைசெய்யும். தேநீரோ தடுக்கும். சிறு குழந்தைக்கு வெறுந் தேநீர் பருக்கும் வழக்கத்தை அறவே விடல் வேண்டும்.

கொளுக்கிப் புழுவும் ஒரு காரணமே. மலங் கலந்த ஈரமண்ணிலுள்ள அதன் குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்சென்று, பின்னர் குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். மலசலகூடமும் செருப்புமே இதற்குக் காவல்.

தலசீமியா போன்ற பரம்பரைச் சோகைக்குக் காரணம் இரும்புக் குறைவன்று. ஆகவே இரும்புப் பாணியைத் தாமாக வாங்கிக் கொடாது, குழந்தையை வைத்தியசாலையிற் காட்டி முதலில் இரத்தத்தைச் சோதிப்பிக்க.