சந்தாப் புத்தகம் இல்லாமல் ஒரு முறை போங்கள்

கேள்வி: ஐயா, சென்ற மாதம் எங்கள் சபையில் என்னை மூப்பராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரசங்கம் பண்ணத் தெரியாது. "ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொண்டு வீடு சந்தியுங்கள்" என்று முதல் கூட்டத்திலேயே ஆயர் சொல்லிவிட்டார். பழைய மூப்பர்களோ, "அது ஐயர் வேலை, நமக்குக் கணக்கும் கட்டடமும்தான்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? போனால் என்ன பேசுவது?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: உங்கள் ஆயர் சொன்னதுதான் சரி, சகோதரரே. பழைய மூப்பர்களை நான் குறை சொல்லவில்லை. பல சபைகளில் அப்படியே பழகிவிட்டது. ஆனால் வேதத்தில் அப்படி இல்லை. வியாதிப்பட்டவர் சபையின் மூப்பர்களை வரவழைத்து ஜெபிக்கக் கேட்க வேண்டும் என்றுதான் யாக்கோபு எழுதுகிறார். எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரச் சொல்லி விடைபெறும் பவுல், தான் பொது இடத்திலும் வீடு வீடாகவும் போதித்ததை நினைப்பூட்டிவிட்டு, மந்தையை அவர்கள் கையில் ஒப்படைக்கிறார். கணக்கையும் கட்டடத்தையும் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

உங்கள் பக்கத்துச் சபைகளுக்கு இதில் இன்னும் நெருக்கமான தொடர்பு உண்டு. 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் மாமன்றம் சபை ஒழுங்கு ஒன்றை வகுத்தது. திருவிருந்துக்கு முன்னும் பின்னும் சபைக் குடும்பங்களைச் சந்திப்பது மூப்பரின் கடமை என்று அதில் எழுதி வைத்தார்கள். அந்த டச்சுச் சீர்திருத்தச் சபையின் மரபிலிருந்து வந்தவர்கள்தான் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்கள். அந்த மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன் வழியே 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. ஆகவே, "வீடு சந்திப்பது மூப்பர் வேலை அல்ல" என்று வேறு எங்கே சொன்னாலும் ராணிப்பேட்டையில் சொல்லக் கூடாது.

கணக்குப் பார்த்தாலும் இதுதான் வழி. 400 குடும்பங்கள் உள்ள சபைக்கு ஒரே ஆயர் என்று வையுங்கள். ஆராதனை, கல்யாணம், அடக்கம், பள்ளிக்கூடம், கமிட்டி எல்லாம் போக, அவர் வாரம் 8 வீட்டுக்குப் போனாலும் ஒரு சுற்று முடிய 50 வாரம் ஆகும். அதையே 12 மூப்பர்கள் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு 33 அல்லது 34 வீடுதான். வாரம் ஒரு வீடு போதும். மோசேக்கு அவருடைய மாமனார் எத்திரோ சொன்ன யோசனையும் இதே போன்றதுதான்: எல்லாவற்றையும் ஒருவரே சுமந்தால் அவரும் சோர்ந்துபோவார், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள்.

என்ன பேசுவது என்று கேட்கிறீர்கள். பேசுவதைவிடக் கேட்கத்தான் நீங்கள் போகிறீர்கள். பிரசங்கம் வராது என்பது இந்த வேலைக்கு ஒரு குறையே அல்ல.

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். இயேசுவும் சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தானே அனுப்பினார். முதல் நாளே போன் பண்ணி, "நாளைக்குச் சாயங்காலம் வரலாமா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிற நேரம், ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வேண்டாம். காபி கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். மறுத்தால் அந்த வீட்டு அம்மாவுக்கு மனசு கஷ்டமாக இருக்கும். வீடு வாடகையா சொந்தமா, சம்பளம் எவ்வளவு, பெண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்ற கேள்விகள் உங்கள் வாயில் வரவே கூடாது. அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். அவர்களே உட்காரச் சொன்னால் உட்காருங்கள். வீட்டில் கிறிஸ்தவர் அல்லாத மருமகளோ மாமனாரோ இருந்தால் அவரிடமும் அதே மரியாதையோடு நலம் விசாரியுங்கள்.

ஜெபிப்பதற்கு முன்னால், "எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். நீங்களாக ஊகிக்காதீர்கள். சங்கீதத்தில் ஒரு சிறு பகுதி வாசித்தால் போதும். இன்னொன்றையும் அழுத்தியே சொல்கிறேன்: ஜெபத்துக்குள் புத்திமதியை நுழைக்காதீர்கள். "ஆண்டவரே, இந்தக் குடும்பம் ஞாயிறுதோறும் உம்முடைய ஆலயத்துக்கு வர உதவி செய்யும்" என்று ஜெபிப்பது ஜெபமே அல்ல. முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது அது. கேட்கிறவர்களுக்கு அது நன்றாகவே புரியும். புகைப்படம் எடுத்துச் சபை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம்.

இப்படிப் போவதால் என்ன கிடைக்கும் என்று உங்கள் கமிட்டியில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், 70 வயது கடந்த ஒரு பெரியவர் மாதக்கணக்கில் ஆராதனைக்கு வரவில்லை. பின்வாங்கிப் போய்விட்டார் என்று கமிட்டியில் பேசிக்கொண்டார்கள். அந்தத் தெருவுக்குப் பொறுப்பான மூப்பர் போனபோது, "உடம்பு சரியில்லை" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூப்பர் விடாமல் இரண்டாம் முறையும் போனார். வழியனுப்ப வாசல்வரை வந்த பெரியவர், வீட்டுப் பெண்கள் காதில் விழாத தூரம் வந்ததும் மெதுவாகச் சொன்னார்: ஆபரேஷனுக்குப் பிறகு முக்கால் மணிக்கு ஒரு தரம் சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கிறது. ஆலய வளாகத்துக் கழிவறை ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கிறது. சாவி வாட்ச்மேனிடம், அவரோ கேட்டில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து அந்தக் கதவு திறந்திருந்தது. பெரியவரும் கடைசி வரிசையில் ஓரமாக வந்து உட்கார்ந்தார். இந்தக் காரணத்தை எந்தக் கமிட்டிக் கூட்டத்திலும் கண்டுபிடித்திருக்க முடியாது. முதல் சந்திப்போடு நிறுத்தியிருந்தாலும் தெரிந்திருக்காது.

கேள்வி: என் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அடக்கத்தன்று சபையே வந்தது. அதற்குப் பிறகு மூப்பர்கள் இரண்டு தரம்தான் வந்தார்கள். ஒரு தரம் சந்தா ரசீதுப் புத்தகத்தோடு, இன்னொரு தரம் கமிட்டித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு. நான் எதிர்பார்த்ததுதான் தவறா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தவறே இல்லை, அம்மா. நீங்கள் எதிர்பார்த்தது உங்களுக்குச் சேர வேண்டியது. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்களுடைய உபத்திரவத்தில் விசாரிப்பதைத்தான் சுத்தமான பக்தி என்று வேதம் சொல்கிறது. அடக்கத்தன்று கூட்டம் கூடுவது நம் ஊரில் பெரிய காரியமல்ல. உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, முதல் கிறிஸ்துமஸுக்கு, கல்யாண நாளுக்கு, வருஷ நினைவு நாளுக்கு யார் வந்தார்கள் என்பதுதான் கேள்வி.

மூப்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சந்தா வாங்கப் போவது சந்திப்பு அல்ல. சந்தா தேவைதான், அதை வாங்க வேறு நாள் இருக்கிறது. பையில் ரசீதுப் புத்தகம் இருக்கும்வரை, எதிரே இருப்பவர் மனசைத் திறக்க மாட்டார்; பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் யோசிப்பார். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து காரணம் சொல்லப் போனதும்தான் கெட்டது. "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். இறந்தவரைப் பற்றிக் கேளுங்கள், அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு மனைவியையோ பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவரையோ அழைத்துப் போங்கள்.

அம்மா, நீங்களும் ஆயரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. வியாதிப்பட்டவரே மூப்பர்களை வரவழைக்கலாம் என்றால், துக்கப்படுகிறவரும் வரவழைக்கலாம்.

கேள்வி: வீடு சந்திக்கப் போன இடத்தில் ஒரு சகோதரி, கணவர் அடிப்பதாகச் சொல்லி அழுதார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம்

பதில்: முதலில், அவர் சொன்னதை நம்புங்கள். "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அவரைக் கேட்காமல் கணவரிடம் போய்ப் பேசவும் கூடாது. நீங்கள் வெளியே வந்ததும் அந்த அடி இரட்டிப்பாக விழலாம். அவர் சம்மதத்தோடு, நம்பகமான ஒரு பெண்ணைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 என்பதையும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது என்பதையும் தெரியப்படுத்துங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உடனே உதவிக்கு ஆள் தேடுங்கள்.

மற்றபடி, வீட்டில் கேட்டது வீட்டோடு. கமிட்டிக்கு மட்டுமல்ல, உங்கள் மனைவிக்கும் அது போகக் கூடாது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ரகசியத்தைப் பரப்புவதும் புறங்கூறுதல்தான். ஒருவர் ரகசியம் ஒரு முறை வெளியே வந்துவிட்டால், அந்தத் தெருவில் அப்புறம் எந்த வீட்டிலும் உங்களிடம் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ரகசியம் காக்க முடியாது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். செய்தவர் சபையில் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஆகவே இனிமேல் யார் கேட்டாலும், விஷயம் என்னவென்று தெரியும் முன்பே சத்தியம் செய்து கொடுக்காதீர்கள்.

கேள்வி: சபைத் தகராறில் கோபித்துக்கொண்டு போனவர்கள் வீட்டுக்கும் போகத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், சாயர்புரம்

பதில்: போக வேண்டும். எந்தக் கட்சி என்று பார்க்காமல், வழக்கைப் பற்றிப் பேச்செடுக்காமல் போங்கள். காணாமல் போனதைத் தேடாத மேய்ப்பர்களைத்தான் எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் கடிந்துகொள்கிறது. அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் திட்டில் பாதி நியாயமாகவும் இருக்கும்.

ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாத மூப்பர்கள் அந்த வீட்டில் தொடங்க வேண்டாம். ஆலயத்துக்கு வர முடியாமல் படுக்கையில் இருப்பவர்கள் யார் யார் என்பது உங்கள் ஆயருக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரிடம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அந்த வாரமே முதல் வீட்டுக்குப் போங்கள்.