நம்பிக்கைகளும் உண்மைகளும்: எட்டு பம்ப்புக்கு மேல் என்ன இருக்கிறது?

“பம்ப் அடிக்க அடிக்கப் பவர் ஏறும்.” காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் பழைய ஏர் ரைஃபிள் கைமாறும்போது, ‘கப்பல்காரர் கொண்டுவந்தது’ என்ற வம்சாவளியோடு இந்த உத்தரவாதமும் சேர்ந்தே வரும். வம்சாவளியை நம்புவது உங்கள் விருப்பம். பம்ப் கணக்கு மட்டும் தப்பு.

திருவிழாக் கடையில் பலூன் சுடும் துப்பாக்கி வேறு வகை. அதில் குழலை மடக்கினால் ஸ்பிரிங் இறுகும். சுடும் கணத்தில்தான் காற்று அழுந்தும். பெஞ்சமின், ஷெரிடன் போன்ற அமெரிக்கப் பம்ப் ரைஃபிள்களில் குழலுக்குக் கீழே உள்ள கைப்பிடியை அடிக்க அடிக்க, வால்வுக்குப் பின்னால் காற்று சேரும். விசையை இழுத்தால் ஒரு சிறு சுத்தியல் அந்த வால்வைத் தட்டித் திறக்கும். சிக்கல் இங்கேதான். சேர்ந்த காற்றே வால்வை மூடிப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. எட்டு பம்ப், மிஞ்சினால் பத்து. அதற்கு மேல் அடித்தால் சுத்தியலுக்கு வலு போதாது. பாதிக் காற்று உள்ளேயே தங்கும். சில சமயம் வால்வு திறக்கவே திறக்காது. கைப்பிடி ஆணியும் வாஷரும் தேய்வதுதான் மிச்சம்.

வாங்குமுன் குண்டு போடாமல் மூன்று பம்ப் அடித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஆள் இல்லாத பக்கம் பார்த்து விசையை இழுங்கள். படீரென்று காற்று வந்தால் வால்வு நலம். இந்தச் சோதனையை ஸ்பிரிங் வகையில் செய்யாதீர்கள்; குண்டில்லாமல் சுட்டால் அதன் பிஸ்டன் அடிபடும்.

“ஏர் கன்னுக்கு லைசென்ஸே வேண்டாம்.” பாதி உண்மை. 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ, குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலையோ தாண்டினால் உரிமம் வேண்டும். அரை கிராம் ஈயக் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல்தான். ஆகவே பழைய ரைஃபிள்கள் பலவும் மாட்டிக்கொள்வது ஆற்றலில் அல்ல, விட்டத்தில். ஷெரிடன் புளூ ஸ்ட்ரீக் 5 மில்லிமீட்டர். பெஞ்சமின் 317 என்றால் 4.5, அச்சு அசல் அதே உருவத்தில் இருக்கும் 312 என்றால் 5.5. விலை பேசுமுன் எண்ணைப் பாருங்கள்.

உரிமம் வேண்டாத துப்பாக்கி கொக்கு சுடுவதற்கான அனுமதிச் சீட்டும் அல்ல. காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு பறவைகள் சரணாலயம். சரணாலயத்துக்கு வெளியே கழிமுகத்தில் சுட்டாலும் 1972 வன உயிரினச் சட்டம் விடாது. “காக்காய்க்கு என்ன சட்டம்?” என்பாருக்கு: காகத்தைத் தொல்லை உயிரினமாக வைத்திருந்த அட்டவணையையே 2022 திருத்தம் நீக்கிவிட்டது.

“ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் வேட்டு மாதிரி வெடிக்கும்.” வெடிக்கும்தான், ஸ்பிரிங் வகையில். சட்டென்று அழுந்தும் காற்றின் சூட்டில் எண்ணெய் தீப்பற்றுகிறது. அந்தச் சத்தத்தைப் பவர் என்று மெச்சுகிறோம். ஸ்பிரிங்கும் வாஷரும் அடிவாங்குகின்றன. பம்ப் வகையில் அதே எண்ணெய் நாள்பட்டுப் பிசினாகி வால்வில் ஒட்டும். பழைய தோல் வாஷர், பம்ப் ஸ்டவ்வின் வாஷர் போலத்தான்: காய்ந்தால் காற்றை விட்டுவிடும், மெல்லிய மினரல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் ஊறிப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பாலிஷ் போடும் பழக்கம். பழைய பெஞ்சமினின் கறுப்புப் பூச்சு தேய்ந்தால் அடியில் நிக்கல், அதற்கும் அடியில் பித்தளை. மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்து ‘போயிடுச்சு’ என்று விலை குறைப்பவர் உண்டு; மொத்தமும் பளபளக்கட்டும் என்று தேய்ப்பவரும் உண்டு. பூச்சு தேய்வது வயது, கேடல்ல. கேடு, அமோனியா கலந்த பாலிஷில் இருக்கிறது. வெள்ளைக்கார ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஏற்கெனவே இறுக்கத்தில் இருந்த பித்தளையைப் பிளந்தது என்று 1921-ல் உலோகவியலாளர்கள் விளக்கினார்கள். ரைஃபிளின் பம்ப் குழாயும் அழுத்தம் தாங்கும் பித்தளைதான். 2023 டிசம்பரில் பெரியகுப்பம் கடலடிக் குழாயின் அமோனியாக் கசிவை அனுபவித்த எண்ணூர்க்காரர்களுக்கு அந்த நெடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாலிஷ் டப்பாவைத் திறந்து முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

“உறை போட்டுப் பீரோவில் வைத்தால் துரு வராது.” காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க 2010 முதல் ஆலை இருக்கிறது, காற்றிலிருந்து பிரிக்க எதுவும் இல்லை. உறைத் துணி உப்பையும் ஈரத்தையும் வாங்கி, விசை, ஆணி, சுத்தியல் ஆகிய எஃகுப் பாகங்களின் மேல் போர்த்தி வைக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றாட மாட்டி வைப்பதே மேல்.

மாட்டும்போது முழுக்கக் காலி செய்யாமல் ஒரு பம்ப் காற்றை உள்ளே விட்டு வையுங்கள். வால்வு மூடியிருக்கும், தூசி ஏறாது. ஸ்பிரிங் வகையை மட்டும் இழுத்த நிலையில் விடவே கூடாது. காற்று ஏறிய ரைஃபிளில் குண்டு இருக்கக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பூட்டும் வேண்டும்.