பட்டியல் ஏன் பழசாகவே நிற்கிறது?

கேள்வி: கடைப் பாக்கிக் கணக்குக்கு ஆண்ட்ராய்டு விட்ஜெட் எழுதியிருக்கிறேன். ஆப்பில் புதுப் பாக்கியைச் சேர்த்தாலும் முகப்புத் திரையில் பழைய பட்டியலே நிற்கிறது. ஏன்?

பதில்: விட்ஜெட்டைத் திரையில் வரைவது உங்கள் ஆப் அல்ல, லாஞ்சர். ஆப்பில் நடப்பது அதற்குத் தானாகத் தெரியாது. பட்டியலின் ஒவ்வொரு வரியையும் நீங்கள் எழுதிய ‘ரிமோட்வியூஸ்ஃபேக்டரி’தான் தயாரித்துக் கொடுக்கிறது, ஆண்ட்ராய்டு 3.0 (2011) கொண்டுவந்த ஏற்பாடு இது. டேட்டாபேஸில் எழுதி முடித்ததும் ‘நோட்டிஃபைஆப்விட்ஜெட்வியூடேட்டாசேஞ்ச்டு’வை அழையுங்கள். ஃபேக்டரியின் ‘ஆன்டேட்டாசெட்சேஞ்ச்டு’ ஓடும். டேட்டாபேஸை மறுபடி படிக்கும் வேலையை அங்கேதான் வைக்க வேண்டும்; ‘ஆன்கிரியேட்’டில் மட்டும் வைத்தால் பழைய பட்டியலே திரும்ப வரும்.

‘அப்டேட்பீரியட்மில்லிஸ்’ஸை நம்பி இருக்காதீர்கள். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும், 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அது எழுப்பும். பாக்கிக்காரர் வாசலில் நிற்கும்போதே சரியான தொகை திரையில் தெரிய வேண்டும். அதற்குத்தானே விட்ஜெட்!