கேட்டால் சொல்

யூத் மீட்டிங் முடிகிற நேரம். ஓர் அண்ணன் மைக்கைப் பிடிப்பார். "இந்த வாரம் ஆளுக்கு மூணு பேர்கிட்ட இயேசுவைப் பத்திச் சொல்லிட்டு வரணும். யாரெல்லாம் ரெடி?" எல்லாக் கைகளும் மேலே போகும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் சிநேகிதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் தொண்டையை ஏதோ அடைக்கும். மேட்ச் ஸ்கோர், கெமிஸ்ட்ரி ரெகார்டு, அவன் பார்த்த படம் என்று பேச்சு போகும். இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிடும். அடுத்த ஞாயிறு உனக்குக் கடைசி பெஞ்ச்.

கம்பெனிக்கு ஆள் எடுப்பது என் பிழைப்பு. ஞாயிறுகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். டார்கெட் என்ற சொல் மாதக் கடைசியில் மனிதர்களை என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தவன். அதனால் முதலில் ஒன்று: சிநேகிதர்களை எண்ணாதே. மூன்று பேர் என்று எண்ணத் தொடங்கிய நிமிஷமே அவர்கள் லிஸ்ட் ஆகிவிடுகிறார்கள். அது அவர்களுக்குத் தெரிந்தும்விடும். இன்சூரன்ஸ் பாலிசியோடு வரும் சித்தப்பாவை நாம் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவதில்லையா?

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒரு மதிய இடைவேளையில் வகுப்பிலிருந்த எல்லார் ஜியாமெட்ரி பாக்ஸிலும் கைப்பிரதி வைத்தேன். அட்டையில் தீ எரியும் படம். தினமும் என்னோடு மாட வீதி வரை நடந்து வருகிற பையன் சாயங்காலம் அதை நாலாக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தான். "இதை நீ என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமேடா" என்றான். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவன் கோபப்படவில்லை.

டியூஷனுக்குப் போகும்போது ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலையைத் தாண்டுகிறாயே, அந்தப் பெயருக்கு உரியவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பர் 6 அன்று, மத உரிமையில் 'பரப்புதல்' என்ற சொல் இருக்கலாமா கூடாதா என்று சூடான விவாதம் நடந்தது. இருக்கட்டும் என்று பேசியவர்களில் இவரும் ஒருவர். தான் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனத்தில் படித்ததையும், தன்னை மதம் மாற்ற அங்கே யாரும் முயலவில்லை என்பதையும் அவர் சபையில் எடுத்துச் சொன்னார். அவருடைய ஜியாமெட்ரி பாக்ஸில் யாராவது தீ எரியும் படத்தை வைத்திருந்தால் அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. இன்று உனக்கு இருக்கும் உரிமையில் அந்த வாத்தியார்களின் அடக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த உரிமையின் எல்லையையும் தெரிந்துகொள். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு எந்த மதத்தையும் ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் இடம் தருகிறது; பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. பரப்புவது என்றால் உன் மதத்தின் கொள்கையை எடுத்துச் சொல்வது. இன்னொருவரை மாற்றுவது அடிப்படை உரிமை ஆகாது என்று ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. வேறு சில மாநிலங்களில் இதுபோன்ற சட்டங்கள் இன்றும் கடுமையாகவே இருக்கின்றன. படிக்கவோ வேலைக்கோ வெளி மாநிலம் போனால், ஹாஸ்டல் விதிகளைப் படிப்பதுபோல் அதையும் ஒரு தரம் படித்துவிடு.

சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிலதைச் செய்யாதே. காசு, பரிசு, வேலை வாங்கித் தருகிறேன் என்ற பேச்சு, பயமுறுத்தல் எதுவும் வேண்டாம். 'ஜெபம் பண்ணினா நீட் பாஸ்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. அந்த வாக்கு உன்னுடையது இல்லை. பதினெட்டு வயது ஆகாத சிநேகிதி உன் சபைக்கு வர ஆசைப்பட்டால், அவள் அம்மாவுக்குத் தெரியாமல் கூட்டிப் போகாதே. உன் தங்கையை யாரோ உன் வீட்டுக்குத் தெரியாமல் எங்கோ அழைத்துப் போனால் நீ சும்மா இருப்பாயா? பள்ளிகளுக்கும் இதே நியாயம்தான். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் மைனர் பிள்ளையை மத போதனைக்கு உட்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது 28-ஆவது பிரிவு.

சரி, எப்போதுதான் பேசுவது? பேதுரு முதல் நிருபத்தில் (3:15) வழி இருக்கிறது. உன் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவனுக்குச் சாந்தமாகவும் மரியாதையாகவும் பதில் சொல்ல ஆயத்தமாக இரு என்கிறார். 'கேட்கிறவனுக்கு' என்பதை நம் யூத் மீட்டிங்குகள் அவசரத்தில் விழுங்கிவிடுகின்றன. கேள்வி வருகிற மாதிரி இருப்பதுதான் உன் வேலையில் பெரும்பாதி. ஞாயிறு க்வாயரில் பாடிவிட்டுத் திங்கட்கிழமை ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் கொடுப்பவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கேள்வி வரும்போது பெரும்பாலும் சின்னதாகத்தான் வரும். "நீ ஏன்டா சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ணை மூடற?" இதற்கு ஆதியாகமத்திலிருந்து தொடங்காதே. "சாப்பாட்டுக்குத் தேங்க்ஸ் சொல்றேன்" போதும். மேலே கேட்டால் மேலே சொல். ஒரு நிமிஷத்தில் முடிக்கப் பழகு. உனக்கு என்ன நடந்தது, ஏன் நம்புகிறாய் என்பதை உன் கதையாகச் சொல். அவன் கும்பிடும் சாமியைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம்.

மொழிதான் பெரிய தடை. சபைக்குள் வளர்ந்த நமக்கு அங்கே பேசுகிற தமிழ் ஒரு தனிப் பாஷை என்பதே தெரிவதில்லை. "நீ ஒரு பாவி" என்று நீ உருக்கமாகச் சொல்வாய். அவனோ செமஸ்டர் ரிசல்ட் பார்த்துவிட்டு "அடப்பாவி" என்று சிரிப்பவன். "ஆவியானவர் என்னை நடத்துறார்" என்றால் அவனுக்கு முதலில் பேய்ப்படம் ஞாபகம் வரும், பசி நேரமாக இருந்தால் இட்லி. சாட்சி என்றால் கோர்ட். ஊழியம், அபிஷேகம், இரட்சிப்பு, ஆத்தும பாரம் எல்லாம் நல்ல சொற்கள்தான், நம் தாத்தா பாட்டி அழுது ஜெபித்த சொற்கள். பஸ்ஸில் உதவாது. ஒரு பயிற்சி சொல்கிறேன்: உன் விசுவாசத்தை, சபையில் மட்டுமே கேட்கும் சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒரு பக்கம் எழுதிப் பார். என் வகுப்பில் முதல் தடவையே இதை முடித்தவர்கள் இல்லை. நானும்தான்.

இந்த மொழிப் பிரச்சினையைப் பெரிய அளவில் கடந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. சுற்றிலும் மிஷனரிகள். ஆனால் அவர் நெருங்கிப் பேசிய ஆள் நண்பர் தனுக்கோடி ராஜு. அவர் முன்பே கிறிஸ்தவராகியிருந்தார். புத்தகங்கள் கைமாறின, பேச்சு தொடர்ந்தது. கிருஷ்ணபிள்ளை 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு முப்பது வயது. எதையும் படித்து, யோசித்து, தானே முடிவெடுக்கிற வயது. பிறகு ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைக் கம்பன் வழியில் விருத்தமாக்கி 1894-இல் 'இரட்சணிய யாத்திரிக'மாக வெளியிட்டார். பழைய தமிழை அவர் கழற்றி எறியவில்லை. அதிலேயே புதிய நம்பிக்கையைப் பாடினார்.

நம் ஊரில் வாய்ப்பு தேடி அலைய வேண்டியதே இல்லை. ஆகஸ்ட் 29-இல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை, காவி உடுத்திச் செருப்பில்லாமல் நடந்து வருகிறவர்களில் இந்துக்கள் எத்தனையோ பேர். உன் வகுப்புத் தோழியின் பாட்டியும் வந்திருக்கலாம். தோழிக்கு நீ எதுவும் விளக்க வேண்டாம்; "பாட்டி ஏன் வர்றாங்க?" என்று நீ கேள். காது கொடுக்கிறவனுக்குத்தான் பிறகு வாய் திறக்கச் சந்தர்ப்பம் கிடைக்கும்.

அந்தத் தோழி தன் வீட்டுக் கொலுவுக்குக் கூப்பிட்டால் போ. சுண்டல் வாங்கலாமா என்பதில் வீட்டுக்கு வீடு, சபைக்குச் சபை கருத்து மாறும். கொரிந்து சபையிலேயே படைத்த உணவைப் பற்றிச் சண்டை வந்து பவுல் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது (1 கொரிந்தியர் 8, 10). உன் மனசாட்சி வேண்டாம் என்றால், "எனக்கு வேண்டாம் ஆன்ட்டி, கொலு ரொம்ப அழகா இருக்கு" என்று சிரித்துச் சொல். மூக்கைச் சுளிக்காதே. டிசம்பரில் நீ கொண்டுபோகும் கேக்கை அவர்கள் எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயோ, அப்படி.

இனி வேலை விஷயம். ப்ளஸ் டூ முடித்த கையோடு தீபாவளி சீசனுக்குத் தி.நகர் ஜவுளிக்கடையில் நிற்பவர்களும், ஓ.எம்.ஆர். பக்கம் இன்டர்ன்ஷிப் போகிறவர்களும் என் வகுப்பில் உண்டு. அவர்களுக்குக் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். கவுன்டருக்கு எதிரில் நிற்கிறவர் புடவை வாங்க வந்தவர். பில்லோடு கைப்பிரதி சொருகாதே. டீம் வாட்ஸ்அப் குரூப்பில் வசனம் போடாதே. காலையில் யாரோ பிள்ளையார் படம் போட்டார்கள் என்பது காரணமாகாது. வேலை நேரம் முதலாளிக்கு விற்ற நேரம். உன் ஸ்டேட்டஸ் உன்னுடையது, அங்கே போட்டுக்கொள்.

தி.நகரில் ஞாயிறுதான் பெரிய வியாபாரம். ஆராதனைக்கு லீவு வேண்டுமென்றால் மூஞ்சியைத் தூக்காமல், ஷிப்ட் போடும் முன்பே கேள். பதிலுக்கு ஏதாவது கொடு. "பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் நான் நிக்கறேன்ண்ணே, எனக்குப் புனித வெள்ளியும் ஈஸ்டரும் விட்டுடுங்க." பண்டிகையன்று வீட்டுக்குப் போக முடிந்த சக ஊழியர் அதை மறக்கமாட்டார். கேள்வி அங்கிருந்துதான் வரும்.

உனக்குக் கீழே இருப்பவரிடம் மட்டும் நீயாகத் தொடங்காதே. ட்யூஷன் எடுக்கும் அண்ணனாக, டீம் லீடாக, நர்சிங் பயிற்சியில் நோயாளியின் கட்டிலருகே நிற்பவளாக நீ இருக்கும்போது எதிரில் இருப்பவரால் எழுந்து போக முடியாது. முடியாதவரிடம் பேசுவது பகிர்வு ஆகாது. இந்த மேல் கீழ் சங்கதியை உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர் நம் வி.எஸ். அசரியா. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தவர். எடின்பரோவில் 1910-இல் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே பேசினார்: நீங்கள் செய்த தியாகத்துக்கு நன்றி, ஆனால் நாங்கள் கேட்பது அன்பை, சமமான நட்பை. இரண்டு வருஷம் கழித்து அவரே தோர்னக்கல் பேராயர் ஆனார், ஆங்கிலிகன் சபையில் முதல் இந்தியப் பேராயர்.

ரெசியூமில் சபை வேலையைப் போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் 'சபையில் ஊழியம் செய்தேன்' என்று எழுதினால் என் மாதிரி ஆள்கூட அடுத்த வரிக்குத் தாவிவிடுவான். விடுமுறை வேதாகமப் பள்ளியில் (விபிஎஸ்) எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாய், கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு எவ்வளவு பட்ஜெட், சவுண்ட் மிக்ஸர் யார் கையாண்டது என்று எழுது. இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேட்பார்கள். செய்த வேலையைச் சொல், பிரசங்கம் பண்ணிவிடாதே.

சிநேகிதன் கஷ்டத்தில் இருந்தால் "உனக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் வீட்டில் போய்ச் செய். அவன் உன்னிடம் சொன்ன குடும்ப விஷயத்தைச் சபையில் ஜெபக் குறிப்பாக வாசித்துவிடாதே. நம்மில் வதந்தி அப்படித்தான் பக்தி வேஷம் போடும்.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல். "எங்க பாஸ்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி, உண்மையிலேயே கேட்டுக்கொண்டு வா. ஒரு சனிக்கிழமை அவனைச் சாந்தோம் பேராலயத்துக்குக் கூட்டிப் போ. இப்போதுள்ள கோபுரக் கட்டடம் 1896-இல் முடிந்தது. அதற்கு முன் அங்கே போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் இருந்தது. இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கி, 72-இல் இங்கே உயிர் விட்டார் என்பது மரபு. மரபை மரபு என்றே சொல். நிரூபணம் கேட்டால் இல்லை என்று ஒத்துக்கொள். கீழே கல்லறைச் சிற்றாலயத்துக்கு இறங்கும்போது அவனிடம் ஒன்றை மட்டும் சொல்லலாம்: இங்கே இருப்பதாக நாங்கள் நம்புகிற இந்த ஆள், தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று இயேசுவின் மற்ற சீடர்களிடம் அடம் பிடித்தவர். அவர்கள் அவரைத் துரத்திவிடவில்லை; எட்டு நாள் கழித்தும் அவர் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தால் பின்பக்கம் கடல். மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடு. அவன் பேச்சை மேட்ச் ஸ்கோருக்கு மாற்றினால் நீயும் மாற்று.