மருந்தேற்றத்திற்குப் பின் தோன்றும் காய்ச்சல்

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு இரசாயன மருந்துகளும் இந்நோய்க்கு அளிக்கப்படுகின்றன. மருந்தேற்றிக்கொண்டவர்களுள் பலர் அன்றே வீடு திரும்பிவிடுகின்றனர். எதிர்பாராத இடர் பெரும்பாலும் அதன் பின்னரே, மருத்துவமனைக்கு நெடுந்தொலைவிலுள்ள ஊரில் தோன்றுகிறது.

விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பதே இம்மருந்துகளின் செயல். மயிர்க்கால்களிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள உயிரணுக்களும் அத்தகையனவே. ஆதலின் அவையும் தாக்குறுகின்றன. முடி உதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது. மஜ்ஜையில் வெள்ளணு உற்பத்தி குன்றுவது தெரிவதில்லை. கிருமிகளை முதலில் எதிர்க்கும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள், ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் பொதுவாக 1,500-க்கு மேல் இருக்கும். மருந்தேற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் அவை பெரும்பாலும் மிகவும் குறைகின்றன. 500-க்குக் கீழ் இறங்கினால் கடுந்தொற்றின் அபாயம் பெரிதும் மிகுகிறது. இத்தொடர்பை 1966-ஆம் ஆண்டில் ஜெரால்டு போடியும் உடனாய்வாளர்களும் இரத்தப் புற்றுநோயாளிகளிடம் ஆராய்ந்து காட்டினர்.

சீழில் பெரும்பகுதி இறந்த வெள்ளணுக்களே. வெள்ளணுக்கள் குறைந்தவிடத்துச் சீழும் வீக்கமும் வெளிப்படாமற் போகலாம். காய்ச்சல் ஒன்றே அடையாளமாக நிற்கும். இதனைப் பருவக் காய்ச்சல் என்று எண்ணி, பாராசிட்டமால் மாத்திரை கொடுத்துப் பொழுது விடியட்டும் என்று காத்திருப்போர் உண்டு. மாத்திரை வெப்பத்தைத் தணிக்குமேயன்றிக் கிருமியை அழிக்காது. அந்த ஓர் இரவிற்குள் தொற்று இரத்தத்திற் பரவி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே கேடு நேரலாம்.

ஆகவே, வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவை எட்டினாலும், வெப்பம் ஏறாமலே குளிர் நடுக்கம் கண்டாலும், நள்ளிரவாயினும் நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். சிகிச்சைக் குறிப்பேட்டையும் உடன் கொண்டுசென்று, கடைசியாக மருந்தேற்றிய நாளை முதலிலேயே கூறுதல் வேண்டும். அங்கு இரத்தம் சோதனைக்கு எடுக்கப்பட்டு, சோதனை முடிவு வருமுன்னரே, ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சிரை வழியே செலுத்தப்படுதல் வேண்டும்.

எல்லா மாறுதல்களும் அபாயமானவையல்ல. செந்நிறமான டாக்ஸோரூபிசின் ஏற்றியபின் ஓரிரு நாட்கள் சிறுநீர் சிவந்து போதல் மருந்தின் நிறத்தாலேயே. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

காய்ச்சலைக் கண்டு, மருந்து உடம்புக்கு ஒவ்வவில்லை எனச் சிகிச்சையையே கைவிடுதல் பெரும் பிழை. அடுத்த தவணையைச் சில நாட்கள் தள்ளியோ, அளவைக் குறைத்தோ, வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் ஊசி அளித்தோ மருத்துவர் சிகிச்சையைத் தொடர்வார்.

களப்பணியாளர் இத்தகைய வீடுகளுக்குச் செல்லும்போது, அங்கு வெப்பமானி உள்ளதா, மருத்துவமனையின் தொலைபேசி எண் சுவரில் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்தல் நன்று. நாட்காட்டியில் 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை வட்டமிட்டு வைக்குமாறு ஆசிரியர் அவ்வீட்டு மாணவருக்குக் கற்பிக்கலாம். அந்நாட்களில் வரும் காய்ச்சலைப் பிழையாக எண்ணாதிருக்க அவ்வட்டம் உதவும்.