நம்மாள் வீட்டு பேஸ்மென்ட்

அன்புள்ள கயல்,

விசா வந்துவிட்டது என்று உன் அம்மா போனில் அழுதுகொண்டே சிரித்தாள். பூட்ஸ், ஊறுகாய், பிரஷர் குக்கர் பற்றியெல்லாம் உனக்கு இதற்குள் பத்துப் பேர் பாடம் எடுத்திருப்பார்கள். குளிரை நான் தொடப்போவதில்லை. நல்ல ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்கிக்கொள், அவ்வளவுதான். டொராண்டோவில் தலை நரைத்தவன் என்ற முறையில் நான் எழுத வந்தது நம்மவர்களைப் பற்றி.

நீ சேரப்போவது டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகம். உலகத் தமிழர்கள் நன்கொடை திரட்டி நிறுவிய தமிழ் இருக்கை அங்கேதான் இருக்கிறது. வெளியே வந்து பஸ் ஏறினால் தமிழ்ப் பெயர்ப்பலகையோடு மளிகைக்கடை, நகைக்கடை, வக்கீல் ஆபீஸ், கொத்து ரொட்டிக் கடை. ஆங்கிலமே பேசாமல் ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். ஊரை விட்டு வரும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பழக்கமும் அந்த ஆறுதலில்தான் தொற்றிக்கொள்கிறது.

வீட்டையே எடுத்துக்கொள். வாட்ஸ்அப் குழுவில் "தமிழ்க் குடும்பம், பேஸ்மென்டில் ஒரு ரூம், பெண்பிள்ளைக்கு மட்டும்" என்று வரும். போய்ப் பார்த்தால் நல்ல மனிதர்கள், கையில் டீயைக் கொடுப்பார்கள். "அக்ரிமென்ட் எல்லாம் எதுக்கும்மா, நீயும் எங்க வீட்டுப் பொண்ணுதானே" என்பார்கள். டீயைக் குடி. அட்வான்ஸைக் கொடுக்காதே. முதலில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்.

சிரிக்காதே, காரணம் இருக்கிறது. ஒண்டாரியோ வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் நன்றாகவே சாயும். வீட்டுக்காரர் வாங்கக்கூடிய முன்பணம் அதிகபட்சம் ஒரு மாத வாடகை. அதையும் கடைசி மாதத்துக்குத்தான் கழிக்க வேண்டும். சுவரில் கீறல் விழுந்தால் பிடித்துக்கொள்ள என்று தனியாக டெபாசிட் கேட்பது சட்டத்துக்குப் புறம்பு. வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு இல்லாமல் வலுக்கட்டாயமாக வெளியேற்ற முடியாது. ஆனால் வீட்டுக்காரரோடு, அல்லது அங்கேயே குடியிருக்கும் அவருடைய மனைவி, பிள்ளை, பெற்றோரோடு சமையலறையையோ குளியலறையையோ நீ பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தால் இந்தச் சட்டம் உனக்குப் பொருந்தாது. மனஸ்தாபம் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஜனவரி மாதத்தில். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. வாடகை குறைவு, வீட்டுச் சாப்பாடு, துணைக்கு ஆள் என்று நன்மையும் உண்டு. தெரிந்து போ, பேசியதை எழுதி வாங்கிக்கொண்டு போ. பேஸ்மென்ட் என்றால் ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னலோ இரண்டாவது வழியோ இருக்கிறதா, புகை அலாரமும் கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் வேலை செய்கின்றனவா என்று பட்டனை அமுக்கிப் பார். கூச்சப்படாதே.

வேலையிலும் இதே கதைதான். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். 2024 நவம்பரில் வந்த விதி. "கூட நேரம் செய், கேஷாகத் தருகிறேன்" என்பவர் இந்தியத் தமிழராகவும் இருப்பார், இலங்கைத் தமிழராகவும் இருப்பார், பஞ்சாபியாகவும் இருப்பார். விதியை மீறினால் ஆபத்து உன் படிப்பு அனுமதிக்கு. அந்தப் பயத்தை வைத்துத்தான் சிலர் கூலியில் கை வைக்கிறார்கள். 2025 அக்டோபரிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். அது சர்வதேச மாணவர்களுக்கும் உண்டு. சம்பளச் சீட்டு தராத இடத்தில் நிற்காதே.

இவ்வளவு சொல்லிவிட்டு நம்மவர்களிடமிருந்து விலகி இரு என்று சொன்னால் நான் நன்றி கெட்டவன். ஸ்கார்பரோவை இப்படித் தமிழாக்கியவர்கள் பெரும்பாலும் ஈழத்தவர்கள். உன்னைப் போல் அட்மிஷன் லெட்டரோடு வந்தவர்கள் இல்லை. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்தபோது மீனவர்கள்தான் காப்பாற்றினார்கள். நீ மட்டன் ரோல்ஸ் வாங்கும் கடையில் கல்லாவில் இருக்கும் அம்மா எதைக் கடந்து வந்தாரோ, உனக்குத் தெரியாது. போரைப் பற்றி நீயாகக் கிளறாதே. அவர் பேசினால் குறுக்கே பேசாமல் கேள். அவர் தமிழைச் சினிமாவில் வருவதுபோல் பேசிக்காட்டிச் சிரிப்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளில் உண்டு. அந்தக் கூட்டத்தில் சேராதே.

ஒரு சனிக்கிழமை கென்சிங்டன் மார்க்கெட்டுக்குப் போய் வா. ஒரு காலத்தில் அது யூதர்களின் கடைத்தெரு. பிறகு போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், கரீபியர் வந்தார்கள், சீனர் வந்தார்கள். யூதக் குடும்பங்கள் வடக்கே நகர்ந்துவிட்டன; தொழுகைக் கூடங்கள் மட்டும் இன்னும் அங்கே நிற்கின்றன. நம்மவர்களும் இப்போது மார்க்கம், ஏஜாக்ஸ் என்று புறநகர்களுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே இனத்தார் கூடி வாழும் தெரு இந்த ஊரில் வந்து இறங்குவோருக்கான படித்துறை. கால் நனைத்த பிறகும் படியிலேயே உட்கார்ந்திருந்தால் எப்படி?

2021 கணக்கெடுப்பின்படி இந்த நகரவாசிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் குடியேறிகள். ஆகவே உன் ஆங்கில உச்சரிப்புக்காக நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. லேபில் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஓர் உச்சரிப்பு இருக்கும். குரூப் ப்ராஜெக்ட் என்றதும் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேரும் கண்ணால் பேசிக்கொள்வீர்கள். ஒருமுறையாவது அந்தக் கூட்டணியைக் கலைத்துவிட்டு ஒரு சோமாலியப் பெண்ணோடோ சீனப் பையனோடோ சேர். முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஊரையும் சுற்றிப் பார். பஸ் கட்டணத்துக்கான ப்ரெஸ்டோ அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். லாரன்ஸ் அவென்யூவில் இறங்கி அரபுக் கடையில் ஷவர்மா சாப்பிட்டுவிட்டு அதே கட்டணத்தில் வீடு திரும்பலாம், சீக்கிரம் சாப்பிட்டால். நூலக அட்டை இலவசம். நகர நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. முதல் வாரமே எடுத்துவிடு.

விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். ஆனால் அதற்கு முன்னாலேயே யாராவது ரூமுக்கு முன்பணம் கேட்டால், பணம் அனுப்பாதே. அக்ரிமென்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மாமா